வைரஸ் கார்ட் அப்டேட்டும் எங்கள் கடை ஃபயர்வாலும்: மூன்று வருட அனுபவம்

களுவாஞ்சிகுடியில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, வேலை விண்ணப்பம், பள்ளிப் பிள்ளைகளின் ஒப்படை என்று காலையிலிருந்து பென் டிரைவ்கள் வந்தபடி இருக்கும். எந்தப் பென்னில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க முடியாது. அதனால் பிரிண்ட் எடுக்கிற ஐந்து கணினிகளிலும் வைரஸைப் பிடிக்கிற மென்பொருளான வைரஸ் கார்ட் ஒரு நாளும் பழசாகக் கூடாது என்பதில் நான் பிடிவாதம்.

அந்த ஐந்துக்கும் இன்டர்நெட்டில் வேறு வேலை இல்லை. டேட்டா வீணாகப் போவதைப் பார்த்து, பழைய கணினி ஒன்றில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை (இன்டர்நெட்டுக்குப் போவதையும் வருவதையும் காவல் காப்பது) போட்டு, வெளியே போகிற வழியெல்லாம் மூடினேன். வைரஸ் கார்ட்டுக்கு மட்டும் திறந்தால் போதும் என்று நினைத்தேன்.

முதல் நாளே இன்ஸ்டால் பூச்சியத்தில் நின்றது. நாம் இறக்குவது சின்ன ஃபைல்தான்; மீதியை அதுவே ஓடும்போது இழுக்கிறது. கடையைப் பூட்டிய பிறகு எதைத் தடுத்தது என்று ஃபயர்வால் எழுதி வைக்கிற பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்ஸ்டாலை மறுபடி அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சிவப்புக் குறியோடு ஒரு வரி வந்தது: எங்கள் கணினியின் எண், போக நினைத்த சர்வரின் ஐபி முகவரி, போர்ட் 443 (பாதுகாப்பான இணையத் தொடர்பு போகிற வாசல் எண்). அந்த ஐபிகளை எழுதி எடுத்துத் திறந்தேன். ஓடியது.

நாலு நாளில் மறுபடி நின்றது. இந்த அப்டேட்கள் வருவது பல இடங்களில் சர்வர் வைத்திருக்கிற விநியோக வலையமைப்பு வழியாக. இன்றைய ஐபி நாளைக்கு இருக்காது. வைரஸ் கார்ட் நிறுவனம் தன் உதவிப் பக்கத்தில் தந்திருக்கிற சர்வர் பெயர்களைத்தான் போட வேண்டும். பிஎஃப்சென்ஸில் அந்தப் பெயர்களை ஏலியஸ் என்கிற பட்டியல் ஒன்றில் சேர்த்தால், வழமையாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே புதிய ஐபியைத் தேடி எடுக்கும்.

அப்போதும் இரண்டு கணினிகள் மட்டும் முரண்டு பிடித்தன. பார்த்தால், அவற்றில் டிஎன்எஸ், அதாவது பெயரைக் கேட்டு ஐபியைச் சொல்கிற சர்வர், கூகுளின் 8.8.8.8 என்று கிடந்தது. அதே பெயருக்கு ஃபயர்வாலுக்கு ஒரு ஐபி, கணினிக்கு வேறொரு ஐபி. ஐந்தையும் ஃபயர்வாலிடமே கேட்க வைத்ததும் சரியாகிவிட்டது.

443 மட்டும் திறந்தால் போதாது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. இன்ஸ்டாலரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது, அந்தச் சான்றிதழ் ரத்துச் செய்யப்பட்டதா என்று விண்டோஸ் கேட்கப் போவது பெரும்பாலும் போர்ட் 80 வழியாக. அதை மூடியிருந்ததால் ஒவ்வொரு இன்ஸ்டாலும் அநியாயத்துக்கு இழுத்தது.

பிறகு மாரி காலத்தில் ஒரு நாள். கரண்ட் போய் வந்த பிறகு ஒரு கணினி அப்டேட் எடுக்க மறுத்தது. ஃபயர்வாலை ஒரு மணித்தியாலம் குடைந்தேன். விதிகளில் பிழையே இல்லை. கடைசியில் கண்ணில் பட்டது கணினியின் திகதி. மதர்போர்டு பற்றரி செத்து, திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தது. திகதி பிழையானால் சர்வரின் சான்றிதழும் செல்லாது என்று கணினி எடுத்துக்கொள்ளும். நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளவும் வழியில்லை, நேரம் கேட்கப் போகிற யுடிபி போர்ட் 123-ஐ நான் திறக்கவே இல்லை. பற்றரி மாற்றி, 123-ஐயும் திறந்தேன்.

விதிகளின் வரிசையையும் பாருங்கள். மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துவதை ஃபயர்வால் எடுக்கும். தடுக்கிற விதிக்குக் கீழே அனுமதியை வைத்தால் பலனில்லை.

எனக்கு இன்னும் திருப்தி தராத ஒன்று, ஏலியஸில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு டொமைனின் கிளைப் பெயர்களை எல்லாம் மொத்தமாகச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு பெயராகத்தான் எழுத வேண்டும். நிறுவனம் புதிய பெயர் சேர்த்தால் அப்டேட் சத்தமில்லாமல் நின்றுவிடும், திரையில் பச்சைக் குறி அப்படியே இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

போன வருடம் வைரஸ் கார்ட்டின் வணிகப் பதிப்புக்கு மாறினோம். இப்போது ஒரு கணினி மட்டும் வெளியே போய் அப்டேட்டை இறக்கி வைக்கிறது, மற்ற நான்கும் கடைக்குள்ளேயே அதனிடம் எடுக்கின்றன. ஐந்து தரம் இறக்கியதை ஒரு தரம் இறக்குகிறோம், டேட்டா நன்றாக மிஞ்சுகிறது. விதிகளும் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். காலையில் கடையில் நிற்கிற தம்பி அந்தக் கணினியைத்தான் முதலில் போடுவார். ஐந்திலும் கடைசி அப்டேட் திகதியைப் பார்த்துக் கொப்பியில் எழுதிய பிறகுதான் முதல் பென்னைக் கையில் வாங்குவார்.