ஐந்து பேர் வீட்டுக்கு மாத மளிகை: கடலூர்க் கடைகளில் ஆறு மாதம் விலை எழுதிப் பார்த்தது

கடலூர் புதுப்பாளையத்தில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என ஐந்து பேர் இருக்கிறோம். கணவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை பார்க்கிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாம் போக, மளிகைக்கும் காய்கறிக்கும் சேர்த்து மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க எங்களால் இயலாது. சென்ற மே மாதம் அந்தத் தொகை 22-ஆம் தேதியே தீர்ந்துபோய், மீதி நாட்களைக் கைமாற்று வாங்கி ஓட்ட நேர்ந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை, வாங்கிய ஒவ்வொரு பொருளின் எடை, விலை, கடை மூன்றையும் பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதி வந்தேன். எந்தக் கடை மலிவு என்று தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினேன். துவரம் பருப்புக்கு மலிவான கடை சோப்புக்கு மலிவில்லை என்பதையும், இந்த மாதம் மலிவாக இருந்தது அடுத்த மாதம் அப்படி இருப்பதில்லை என்பதையும் இரண்டாம் மாதத்திலேயே அந்த நோட்டு காட்டிவிட்டது.

முதலில் நியாயவிலைக் கடையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை கிலோ 25 ரூபாய் வீதம் இரண்டு கிலோவும் வாங்குகிறோம். ரேஷன் அரிசி சாப்பாட்டுக்கு ஆகாது என்று எண்ணி, பல ஆண்டுகளாக அதைப் பாதிக்கு மேல் வாங்காமலேயே விட்டிருந்தேன். அது என் தவறு. புழுங்கல் அரிசியை இட்லிக்கு நான்குக்கு ஒன்று உளுந்து சேர்த்து, ஒரு கரண்டி வெந்தயத்தோடு அரைத்தால், கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கும் இட்லி அரிசிக்கும் அதற்கும் எங்கள் வீட்டில் யாரும் வேறுபாடு சொல்லவில்லை. சோற்றுக்கு வைக்கும்போது இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்த சோறாக ஆக்கினால் சாக்கு வாடை போய்விடுகிறது. இப்போது வெளியில் பொன்னி அரிசி மாதத்துக்குப் பத்துக் கிலோவுக்குள் நின்றுவிட்டது.

அந்த அரிசியில் சற்று மங்கலான நிறத்தில், மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும் சில மணிகள் கிடக்கும். கழுவும்போது சில மிதக்கவும் செய்யும். பிளாஸ்டிக் அரிசி என்ற பேச்சைக் கேட்டு, என் மாமியார் முறத்தில் பரப்பி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்து கொண்டிருந்தார். அவை இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றை அரிசி மாவோடு கலந்து அரிசி வடிவிலேயே செய்து, நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் சேர்க்கப்படும் செறிவூட்டப்பட்ட மணிகள். இரத்தசோகை உள்ள வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று சேர்த்ததைத்தான் நாங்கள் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். தயவு செய்து அதைப் பொறுக்கி எறியாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் பகுதிக் கடையில் ஆறு மாதத்தில் இரண்டு முறை பாமாயில் மாதக் கடைசியில்தான் வந்தது. ஒருமுறை விரல் ரேகை பதியாமல் மாமியார் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். முதல் வாரத்தில் வரும் என்று நம்பி மாதக் கணக்குப் போட்டால் ஏமாற நேரும் என்பதால், ஒரு மாதத்துக்கான பருப்பையும் எண்ணெயையும் எப்போதும் முன்கூட்டியே கையிருப்பில் வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

மாத மளிகையின் பெரும்பகுதியை அண்ணா பாலத்தைக் கடந்து திருப்பாதிரிப்புலியூர் பக்கம் உள்ள ஒரு மொத்த விலைக் கடையில் வாங்குகிறேன். ஆறு மாத நோட்டில் அதிகமாக இடம் பிடித்ததும் அந்தக் கடைதான். உளுந்து, கடலைப் பருப்பு, பாசிப் பருப்பு, மல்லி, மிளகாய், புளி, சீரகம், கடுகு, வெல்லம் ஆகியவை சாக்கில் திறந்து வைக்கப்பட்டிருக்கும். இவற்றை உறையில் அடைத்த விலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எல்லா மாதமும் இங்கே குறைவாகவே இருந்தது. சில்லறையாகக் கால் கிலோ கேட்டால் மொத்த விலை கிடைக்காது என்பது உண்மை. அதனால் அடுத்த வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து ஒரே பட்டியலாகக் கொடுத்து, வீட்டுக்கு வந்து தராசில் பிரித்துக்கொள்கிறோம்.

சாக்கில் இருக்கும் பொருளை வாங்கக் கண்ணும் கையும் பழக வேண்டும். ஜூலை மாதம் ஒரு கிலோ உளுந்து வாங்கும்போது, கடைக்காரர் அள்ளிப் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். மேலே இருந்தவை வெள்ளையாக, முழுசாக இருந்தன. கையை இன்னும் ஆழமாக விட்டு எடுத்தபோது பாதி உடைசலும், ஊசி முனையளவு துளை விழுந்த சில மணிகளும் வந்தன. "அண்ணே, அடியில இருக்கிறது பழசு மாதிரி இருக்கே" என்றேன். அவர் மறுக்கவில்லை. "பின்னாடி புதுச் சிப்பம் பிரிச்சிருக்கும்மா, அதில போடச் சொல்றேன்" என்று ஆளை அனுப்பினார். விலை அதேதான். கேட்காமல் வந்திருந்தால் பழையதுதான் கிடைத்திருக்கும். பழைய உளுந்து கிரைண்டரில் பொங்கி வராது. ஒரே அளவு போட்டாலும் மாவு குறையும், இட்லியும் தட்டையாக வரும். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்று பழைய உளுந்தை வாங்கினால், அந்தப் பத்து ரூபாயைக் காட்டிலும் அதிகமாக மாவில் இழக்கிறோம். உறையில் வரும் உளுந்திலும் இதே சிக்கல் உண்டு, ஏனென்றால் அதன் மேல் அச்சிட்டிருப்பது உறையிட்ட மாதமே ஒழிய அறுவடை செய்த மாதம் அன்று.

நம் மாவட்டத்தில் சம்பா அறுவடையை ஒட்டி நெல் வயலிலேயே உளுந்து விதைப்பதால், பங்குனி, சித்திரையில் புது உளுந்து சந்தைக்கு வருகிறது. புளியும் மிளகாயும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் புதிதாக வரும். ஆண்டுக்கு வேண்டிய புளியையும் ஆறு மாதத்துக்கு வேண்டிய உளுந்தையும் அப்போதே வாங்கி, மொட்டைமாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஈரம் புகாத டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்களால் ஒரே மாதத்தில் அவ்வளவு பணம் புரட்ட முடியாது. ஆகவே மாசி மாதத்திலிருந்து மாதம் 300 ரூபாய் வீதம் இதற்காகவே எடுத்துவைக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் இன்னொரு முறை வெயிலில் போடாவிட்டால் வண்டு வந்துவிடும். கடலோர ஊரின் ஈரக்காற்றில் இது தப்பாது.

அரிசிச் சிப்பத்தைப் பற்றி ஒரு விவரம். 2022 ஜூலை 18 அன்று, 25 கிலோ வரை உறையிட்டு முத்திரையிட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேற்பட்ட எடைக்கு அந்த வரி இல்லை. அதன் பிறகு 25 கிலோ சிப்பம் பல கடைகளில் 26 கிலோ சிப்பமாக மாறிவிட்டது. எனவே ஒரு கடையில் 25 கிலோ விலையும் மற்றொரு கடையில் 26 கிலோ விலையும் சொல்லும்போது, சிப்பத்தின் விலையை ஒப்பிடாமல் எடையால் வகுத்துக் கிலோ விலையை ஒப்பிட வேண்டும். சிப்பத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எடையைப் பார்க்காமல் ஒருமுறை நானே விலை அதிகம் என்று எண்ணி ஒரு நல்ல அரிசியை விட்டுவிட்டு வந்தேன்.

எண்ணெயிலும் இதே கவனம் தேவை. முன்பு பல பொருட்களை விதி சொன்ன எடைகளில்தான் உறையிட முடிந்தது. அந்த விதி எடுக்கப்பட்டபின், பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே இருந்து உள்ளே 850 மில்லி மட்டும் இருக்கும் உறைகளைப் பார்க்கிறேன். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் எடையில் சுமார் 910 கிராம். ஆகவே ஓர் உறையில் மில்லியும் மற்றொன்றில் கிராமும் போட்டிருந்தால் அப்படியே ஒப்பிடக் கூடாது. உறையின் பின்புறம் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொன்னால் அவர்களுக்குக் கணக்கும் பழகும். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் செக்கு எண்ணெய் மணமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாச் சமையலுக்கும் அதை வாங்க எங்கள் வரவு இடம் தராது. மாதம் அரை லிட்டர் வாங்கி, தோசைக்கும் பொடிக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது குளிரூட்டிய பெரிய கடைகள். நோட்டின்படி, சோப்பு, சலவைத் தூள், பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பொருள், கோதுமை மாவு ஆகியவற்றுக்கு இவை மலிவு. அச்சிட்ட விலையைக் காட்டிலும் குறைத்துத் தருகிறார்கள். அங்கேயும் பெரிய உறை எப்போதும் மலிவு என்று நம்பக் கூடாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு உறைகளை மில்லிக்கு வகுத்துப் பார்த்தால், பெரிய புட்டியைக் காட்டிலும் அவையே பல நேரம் குறைவாக வருகின்றன. ஆகஸ்ட் மாதம் அப்படிப்பட்ட ஒரு கடையில், அலமாரிச் சீட்டில் இருந்த விலைக்கும் ரசீதில் வந்த விலைக்கும் பாசிப் பருப்பில் மட்டும் கிலோவுக்கு 14 ரூபாய் வேறுபாடு இருந்தது. சலுகை முந்தைய நாளோடு முடிந்துவிட்டது, சீட்டை மாற்ற மறந்துவிட்டோம் என்றார்கள். சீட்டில் போட்டிருக்கும் விலைக்குத்தானே எடுத்தேன் என்று நின்று பேசிய பிறகுதான் திருப்பித் தந்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வயதான அம்மாவின் கையிலும் அதே பருப்பு இருந்தது; அவரிடம் சொல்லி ரசீதைப் பார்க்க வைத்தேன். வாசலைத் தாண்டுவதற்கு முன் ரசீதை வரிவரியாகப் பார்ப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம், நம் பணம் அது.

பட்டியலில் இல்லாத பொருளுக்கு அந்தக் கடைகளில் ஆறு மாதத்தில் நான் செலவிட்டதைத் தனியாகக் கூட்டியபோது 1,860 ரூபாய் வந்தது. பிஸ்கட், நூடுல்ஸ், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஊறுகாய். சோப்பிலும் தூளிலும் மிச்சப்படுத்தியது அதில் பாதிகூட இல்லை. இப்போது அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் இது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கிறார்கள், அன்றன்றைய விலை காலையில் பலகையில் எழுதப்படுகிறது. அந்தப் பலகையைப் படித்த பின் தெருவண்டியில் கேட்கும் விலையும் நமக்குப் பிடிபடும். விடியற்காலையில் போனால் கீரையும் கத்தரிக்காயும் நன்றாக இருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு மொத்தக் கடையிலேயே சரி.

கடைசியாக எங்கள் தெருமுனைக் கடை. நோட்டைப் பார்த்தால், கிலோ கணக்கில் எல்லாவற்றிலும் இதுவே விலை கூடுதல். ஆனாலும் இதை விட்டுவிடச் சொல்லி யாருக்கும் எழுத எனக்கு மனம் இல்லை. பத்து ரூபாய்க்கு மிளகும், ஐந்து ரூபாய்க்குப் பெருங்காயமும், இரண்டு முட்டையும் வேறு எங்கே தருவார்கள்? தினக்கூலி வாங்கும் வீடுகள் எங்கள் தெருவில் பல. மாதப் பட்டியல் என்பதே அவர்களுக்குக் கிடையாது, அன்றைய கூலியில் அன்றைய சமையல். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, பாலத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த அண்ணாச்சிதான் கதவைப் பாதி தூக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பால் பவுடரும் ரொட்டியும் அரிசியும் எடை போட்டுக் கொடுத்தார். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை, பணம் இல்லாதவர்களுக்கு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடன் நோட்டு மட்டும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது. மே மாதத்தில் எங்கள் கணக்கை மீறச் செய்ததில் அதற்கும் பங்கு உண்டு, ஏனென்றால் கையில் காசு கொடுக்காமல் வாங்கும்போது எவ்வளவு ஆயிற்று என்று நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. அது அவர் குற்றம் அன்று. டிசம்பர் மாதப் பட்டியலில் அவர் கடைக்கென்று 600 ரூபாயைத் தனி உறையில் போட்டு, உறையின் மேலேயே தேதியும் தொகையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்; இன்று பதினோராம் தேதி, அதில் 385 ரூபாய் இருக்கிறது.