பெரும்பாடு: மாத்திரையா, ஹார்மோன் சாதனமா, அறுவை சிகிச்சையா?

"பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி கருப்பை எதற்கு? எடுத்துவிடு." பெரும்பாடு எனப்படும் அதிக மாதவிடாய் உதிரப்போக்கால் அவதிப்படும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு உறவினர்கள் முதலில் சொல்லும் யோசனை இதுதான். சில மருத்துவமனைகளும் இதையே சொல்கின்றன. கடைசியாக வர வேண்டிய சிகிச்சை இப்படி முதலில் வந்து நிற்கிறது.

ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய பாடநூல் கணக்கு. வீட்டில் யார் அளப்பார்கள்? ஏழு நாளைத் தாண்டுவது, மணிக்கொரு நாப்கின் நனைவது, பெரிய ரத்தக்கட்டிகளாகப் போவது ஆகியவை போதுமான அடையாளங்கள். இதைப் பொறுத்துக்கொள்வதன் விலை ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை "வயதாகிறது" என்று தள்ளிவிடுகிறோம்.

டிரானெக்சாமிக் அமிலம் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் உருவாக்கிய மருந்து, 1962இல் வெளியானது. உறைந்த ரத்தம் கரைவதைத் தடுத்து, போக்கைச் சுமார் பாதி வரை குறைக்கும். போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் விழுங்கினால் போதும். ஹார்மோன் இல்லை, கருத்தரிப்பதையும் தடுக்காது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு என் தேர்வு இதுதான். ரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்குக் கூடாது. மெஃபனாமிக் அமிலம் இதைவிட வலுக் குறைந்தது, ஆனால் வலியையும் தணிக்கும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை வெளியிடும் சாதனத்தைக் கருப்பைக்குள் பொருத்துகிறார்கள். இதைக் காப்பர் டியோடு குழப்பிக்கொண்டு மறுப்பவர்கள் ஏராளம். காப்பர் டி போக்கைக் கூட்டக்கூடும். ஹார்மோன் சாதனமோ கருப்பையின் உள்வரிச் சவ்வை மெலிதாக்கி, பெரும்பாலோருக்கு முக்கால் பங்குக்கு மேல் குறைத்துவிடும். பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல், பெரிய நார்க்கட்டி (கருப்பைத் தசையில் வளரும் கட்டி) இல்லாதவர்களுக்கு இதையே முதலில் யோசிக்கச் சொல்கிறது. முதல் சில மாதங்கள் துளித்துளியாகக் கசிவது உண்டு. அதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் பாதியில் எடுத்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பல ஆண்டுகள் வேலை செய்யும். நார்க்கட்டி கருப்பையின் உள்வடிவத்தையே மாற்றியிருந்தால் சரிவராது.

கருப்பை அகற்றம் முழுத்தீர்வு என்பதில் சந்தேகமில்லை. புற்றுநோய், மிகப் பெரிய கட்டிகள், மற்றவை பலிக்காத நிலை ஆகியவற்றில் அதுவே வழி. ஆனால் இளவயதில் சூலகங்களையும் சேர்த்து எடுத்தால் எலும்புத் தேய்வும் இதயநோய் அபாயமும் கூடும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் இளம்பெண்கள் பலருக்குக் கருப்பை அகற்றப்பட்டது 2019இல் பெரும் சர்ச்சையானது. தேவையற்ற அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. நாற்பதுக்குள் இருப்பவருக்கு அறுவை சிகிச்சை என்றால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் காரணம் தெரிய வேண்டும்: ஸ்கேன், ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் தைராய்டு. நாற்பத்தைந்தைக் கடந்தவருக்குக் கருப்பைச் சவ்வுத் திசுப் பரிசோதனையும் வேண்டியிருக்கலாம். பூப்பெய்தியதிலிருந்தே அதிகமாகப் போகும் சிறுமிக்கு ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். வான் வில்லிபிராண்ட் என்ற ஃபின்லாந்து மருத்துவர் 1926இல் விவரித்த நோய் அப்படிப்பட்டதுதான்; அவர் பார்த்த சிறுமி தன் நான்காவது மாதவிடாயிலேயே இறந்துபோனாள். "வயசுக்கு வந்த புதிதில் அப்படித்தான்" என்று இப்படிப்பட்ட சிறுமியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.