மிசிசிப்பியின் டூகலூ கல்லூரி: ஒரு மதிப்புரை

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனின் வட எல்லையில் இருக்கும் டூகலூ கல்லூரியை, தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்துக் கல்லூரி தேடுவோர் எளிதில் தவறவிட்டுவிடுவார்கள். மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டாது. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் பாடத் தேர்வும் நிதிவளமும் குறைவு. இருந்தும் இளங்கலைப் படிப்புக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளின் பிள்ளைகளுக்காக அமெரிக்க மிஷனரி சங்கம் என்ற கிறித்தவ அமைப்பு 1869-இல் தொடங்கிய கல்லூரி இது. அதற்காக வாங்கப்பட்ட நிலமே முன்பு அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டம். தோட்ட முதலாளியின் மாளிகை இன்றும் வளாகத்தில் நிற்கிறது. கல்லூரி நடத்த மாநிலம் 1871-இல் அளித்த உரிமைப் பட்டயம், சமய வேறுபாடு பாராமல் எல்லாரும் சேரலாம் என்று வகுத்தது. திருச்சபை சார்ந்த கல்லூரி என்றதும் தயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே திருச்சபைத் தொடர்பு வெறும் அடையாளமாக இருந்ததில்லை. 1961 மார்ச் 27 அன்று இக்கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஜாக்சன் பொது நூலகத்தில் அமர்ந்து படித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கிளர்ந்த ஜாக்சன் அரசுக் கல்லூரி மாணவர்களுள் டோரி லாட்னர், ஜாய்ஸ் லாட்னர் என்ற சகோதரிகள் அக்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, டூகலூவில் வந்து சேர்ந்தார்கள். மாநில அரசின் பணத்தில் நடந்த கல்லூரியால் தர முடியாத பாதுகாப்பை, திருச்சபை ஆதரவில், அரசின் பிடிக்கு வெளியே இருந்த இந்தத் தனியார் கல்லூரியால் தர முடிந்தது. அதற்கு விலையும் இருந்தது: 1964-இல் இதன் பட்டயத்தையே பறிக்கும் மசோதா மாநிலச் சட்டமன்றத்திற்கு வந்தது.

கற்பித்தலின் தரத்திற்கு எர்ன்ஸ்ட் போரின்ஸ்கியைச் சொன்னால் போதும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இந்த யூத சமூகவியலாளர், 1947 முதல் 1983-இல் இறக்கும் வரை இங்கே பாடம் நடத்தினார். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த காலத்தில், அவர் நடத்திய கருத்தரங்குகளில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். ஆசிரியர் ஒருவரின் நிழலில் நெடுநாள் வளரும் வாய்ப்பு சிறிய கல்லூரிக்கே உரியது. பெரிய அரங்குகளில் நூற்றுக்கணக்கானோருடன் உட்கார்ந்து அதைப் பெறுவது அரிது.

ரோட் ஐலண்டின் ப்ரௌன் பல்கலைக்கழகத்தோடு 1964 முதல் தொடரும் உறவு மாணவர்களுக்குப் பெரும் பலன். அங்கே ஒரு பருவம் சென்று படிக்கலாம். மருத்துவம் பயில விரும்புவோருக்கு ப்ரௌன் மருத்துவப் பள்ளியில் முன்கூட்டியே இடம் உறுதியாகும் திட்டமும் உண்டு. பாடத் தேர்வு குறுகியது என்ற குறையை இது ஓரளவு ஈடுகட்டுகிறது, முழுவதுமாக அல்ல. ஆய்வுக்கூட வசதியே முதன்மை என்று கருதும் மாணவர், பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தை நாடுவதே நல்லது.

பார்வையாளராக மட்டும் செல்வோர், மரத்தாலான உட்வொர்த் சிற்றாலயத்தையும், 1963-இல் நியூயார்க் கலைஞர்களின் முயற்சியால் தொடங்கிய கலைத் தொகுப்பையும் தவறவிடக் கூடாது. சிற்றாலயத்திற்கு அரை மணி நேரம் போதும். கலைத் தொகுப்பிற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள், காட்சிக்கூடம் திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.