டீப் புளூ எப்படி வென்றது: காஸ்பரோவ் சொல்வதும் ஐபிஎம் அணி சொல்வதும்

1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஆறு ஆட்டத் தொடரில், ஐபிஎம்மின் செஸ் கணினியான டீப் புளூ அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்றது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. எப்படி வென்றது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும்.

தகராறின் வேர் இரண்டாவது ஆட்டம். 36வது நகர்த்தலில் டீப் புளூ ராணியை உள்ளே இறக்கிச் சிப்பாய்களை அள்ளியிருக்கலாம். அந்தக் காலத்துக் கணினி எதுவும் அதைத்தான் செய்திருக்கும். டீப் புளூவோ அந்த ஆசைக்கு மயங்காமல், எதிராளி மூச்சுவிடும் வழியை முதலில் அடைத்தது. இது இயந்திரத்தின் ஆட்டமே இல்லை, பின்னால் மனிதக் கை இருக்கிறது என்று சந்தேகித்தார் காஸ்பரோவ். கால்பந்தில் மரடோனா கையால் போட்ட ‘கடவுளின் கை’ கோலைக்கூட இழுத்தார். இயந்திரத்தைக் கட்டிய ஃபெங்-சியுங் சூ தரப்பின் விளக்கத்தில் மர்மமே கிடையாது: அடுத்தடுத்த நகர்த்தல்களை முன்கூட்டிக் கணக்கிடும் தேடல் ஆழமாகப் போகப் போக ராணி நகர்த்தலின் மதிப்பெண் சரிந்தது, கூடுதல் நேரம் எடுத்து முடிவை மாற்றிக்கொண்டது.

நான் சூவின் பக்கம். காரணம், அந்த ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலை. டீப் புளூவின் ராஜாவுக்கு இடைவிடாத செக் கொடுத்து அதை டிரா செய்திருக்கலாம் என்று பிறகு தெரியவந்தது. இவ்வளவு நுட்பமாக ஆடிய இயந்திரம் இதை எப்படித் தவறவிட்டது என்பது காஸ்பரோவின் வாதம். ஆனால் பின்னால் ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தால் ராஜாவின் பாதுகாப்பைத்தானே முதலில் பார்த்திருப்பார்? ஒரு பக்கம் மேதைமை, மறுபக்கம் ஓட்டை என்பது இயந்திரத்தின் முத்திரை. கணினி எப்படிக் கணக்கிட்டது என்ற பதிவுகளை ஐபிஎம் அப்போதே காட்டாமல் பின்னர் வெளியிட்டது மகா தவறு. சந்தேகத்துக்குத் தீனி போட்டது அதுதான். 2017இல் எழுதிய நூலில் காஸ்பரோவே தன் குரலை நிறையத் தணித்துக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் யானையை வைத்து ஆடிய அந்த விசித்திரமான 44வது நகர்த்தல், நிரல் பிழை என்கிறார் அணியின் மர்ரே கேம்ப்பெல். நம்பலாம். அதை ஆழ்ந்த திட்டம் என்று நினைத்து காஸ்பரோவ் மிரண்டுபோனார், அதனால்தான் தொடரைத் தோற்றார் என்று ஒட்டவைத்த பின்கதை எனக்குச் செரிக்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தவரே அவர்தான்.

ஆறாவது ஆட்டம் வேறு ரகம். காரோ-கான் என்ற திறப்பில் (ஆட்டத்தின் தொடக்க முறை) ஏழாவது நகர்த்தலாக ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயைத் தள்ளினார் காஸ்பரோவ். டீப் புளூ குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்த்தல்களில் கதை முடிந்தது. நகர்த்தல் வரிசையை மறந்து சறுக்கினார் என்பது பலரின் தீர்ப்பு. தெரிந்தேதான் ஆடினேன், கணினி அப்படிப் பலி கொடுக்காது என்று நம்பினேன் என்பது அவர் சொல்வது. அவருக்குச் சாதகமான சாட்சி எதிர் முகாமிலிருந்தே வந்தது. ஐபிஎம்முக்கு உதவிய ஸ்பெயின் கிராண்ட்மாஸ்டர் மிகெல் இயெஸ்காஸ், அந்தக் குதிரைப் பலியை அன்று காலையில்தான் திறப்புத் தொகுப்பில் (கணினிக்கு முன்கூட்டியே ஊட்டும் தொடக்க நகர்த்தல்களின் பட்டியல்) ஏற்றினோம் என்று 2009இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஆட்டங்களுக்கு இடையே தொகுப்பைத் திருத்த விதி அனுமதித்தது, ஆகவே இது மோசடி இல்லை. ஆனால் அந்தப் பலியை டீப் புளூ யோசித்துக் கண்டுபிடித்தது என்று இனி யாரும் எழுதக்கூடாது.