தண்டர்பேர்ட் முகவரிப் புத்தகம்: தேடிய பெயர் ஏன் வருவதில்லை?

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கோ, கோயில் நிர்வாகக் குழுவுக்கோ, பள்ளி முன்னாள் மாணவர் அமைப்புக்கோ செயலாளராக இருப்பவருக்கு, மின்னஞ்சல் மென்பொருளில் கடிதம் எழுதும் பக்கத்தைவிட முகவரிப் புத்தகமே முக்கியமானது. ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பும் சந்தா நினைவூட்டலும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு அழைப்பும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இந்த வேலைக்குத் தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருள் பொருந்துமா என்பதையே இம்மதிப்புரை பார்க்கிறது. பொருந்தும் என்பதே என் முடிவு. ஆனால், அதன் தேடல் பெட்டி ஒரு பெயரைக் காணவில்லை என்று சொல்லும்போது, அந்தப் பெயர் உண்மையிலேயே இல்லையா, அல்லது அது இருக்கும் இடத்தை மென்பொருள் பார்க்கவே இல்லையா என்பதைப் பயனர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தண்டர்பேர்டின் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. இப்போது மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனமான எம்.இசட்.எல்.ஏ. டெக்னாலஜிஸ் அதைப் பராமரிக்கிறது. செலவுகள் நன்கொடையால் நடைபெறுவதால் பயனர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. சங்கத்தின் கணக்கில் எப்போதுமே பணம் குறைவு என்பதால் இது சிறிய செய்தியன்று. 2022-இல் வந்த 102ஆம் பதிப்பில் முகவரிப் புத்தகத்தின் தோற்றம் முழுமையாக மாற்றி அமைக்கப்பட்டது. நான் பேசுவது அதற்குப் பிந்தைய வடிவத்தைப் பற்றி.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். நம் நாட்டு இந்தியர்களின் பெயர்கள் அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்ற மலாய்ச் சுருக்க இணைப்போடும் தந்தை பெயரோடும் நீளமாக வருகின்றன. சிலருக்கு முன்னால் டத்தோ என்றோ டாக்டர் என்றோ பட்டமும் சேர்ந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் பழைய அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் 'பெயர் மட்டும்' என்ற தேர்வு இருக்கும்போது தேடல் பெயரின் தொடக்கத்தோடு மட்டுமே ஒப்பிடப்படும் என்பதால், 'முனியாண்டி ஏ/எல் ராமசாமி' என்று பதிந்திருப்பவரை ராமசாமி என்று தேடினால் அவர் வரமாட்டார். தண்டர்பேர்டோ தட்டிய எழுத்துகள் பெயரின் எந்தப் பகுதியில் இருந்தாலும் பிடித்துவிடுகிறது. இரண்டு சொற்களை முன்பின்னாகத் தட்டினாலும் கவலையில்லை. பிறப்புப் பத்திரம் எழுதிய எழுத்தரின் காதுக்கு ஏற்ப ஒரே பெயர் பலவிதமாக ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும் இந்த நாட்டில் இது பெரிய உதவி. சுப்பிரமணியம் என்ற பெயரை நடுவில் 'B' போட்டு எழுதியவரும் 'P' போட்டு எழுதியவரும் 'M' எழுத்தில் முடித்தவரும் 'N' எழுத்தில் முடித்தவரும் இருப்பார்கள். நடுவிலுள்ள 'ரமணி' என்ற பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் தட்டினால் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

குறை எங்கே என்றால், தேடலின் எல்லையை மென்பொருள் மிக மெல்லிய குரலில் சொல்கிறது. இடப்பக்கப் பட்டியலில் எந்தப் புத்தகம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அதற்குள் மட்டுமே தேடல் நடக்கும். 'பெர்சனல் அட்ரஸ் புக்' தேர்வாகியிருந்தால், நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியதால் தானாகச் சேர்ந்த முகவரிகள் இருக்கும் 'கலெக்டட் அட்ரசஸ்' புத்தகம் தொடப்படுவதே இல்லை. தேடல் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் எந்தப் புத்தகம் தேடப்படும் என்று எழுதியிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் முதல் எழுத்தைத் தட்டியவுடன் அந்தக் குறிப்பு மறைந்துவிடுகிறது. பிறகு வெறுமையான பட்டியலும் தொடர்புகள் எதுவும் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியும் மட்டுமே எஞ்சுகின்றன. 'வேறு புத்தகங்களிலும் தேடவா?' என்று ஒரு கேள்வியை அந்த வெற்றிடத்தில் வைத்திருந்தால் பாதிப் பேரின் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆகவே பெயர் வராதபோது முதல் வேலை, பட்டியலின் மேலேயுள்ள 'ஆல் அட்ரஸ் புக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து மீண்டும் தேடுவதுதான்.

அதிலும் வரவில்லை என்றால், சங்கங்களைப் பொறுத்தவரை நான் உடனே சந்தேகிப்பது எக்செல் பட்டியலை இறக்கிய விதத்தை. (உறுப்பினர் பட்டியல் எந்தச் சங்கத்திலும் ஒரே கோப்பாக இருந்ததில்லை; 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி' என்று குறைந்தது மூன்று இருக்கும்.) சி.எஸ்.வி. கோப்பை (அட்டவணையின் நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த எளிய உரைக் கோப்பை) உள்ளே கொண்டுவரும்போது கோப்பின் எந்த நிரல் மென்பொருளின் எந்தப் புலத்துக்குப் போக வேண்டும் என்று தண்டர்பேர்ட் கேட்கிறது. 'நாமா' (பெயர்), 'எமெல்' (மின்னஞ்சல்) என்று மலாய்த் தலைப்புகள் இருக்கும் பட்டியலில் இந்தப் பொருத்தத்தைக் கையால் செய்தே ஆக வேண்டும். அவசரத்தில் அடுத்து, அடுத்து என்று அழுத்திப் போனால் பெயர் 'கஸ்டம் 1' போன்ற ஒரு மூலைக்குப் போய்ச் சேரலாம். அவருடைய தொடர்பு அட்டையைத் திறந்தால் பெயர் கண்ணுக்குத் தெரியும், தேடினால் வராது. தேடல் பெட்டி பெயர், புனைபெயர், மின்னஞ்சல், நிறுவனம் போன்ற புலங்களைத்தான் பார்க்கிறது. இப்படி இறங்கிய பட்டியலை ஒவ்வொன்றாகத் திருத்த முயல்வது வீண் உழைப்பு. அதை நீக்கிவிட்டு, ஒரு புதிய புத்தகத்துக்குள் சரியான பொருத்தத்தோடு மறுபடி இறக்குவதே நல்லது.

பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. எக்செலில் சாதாரண சி.எஸ்.வி. வடிவில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும், கேள்விக்குறியான பெயரை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்ற வடிவைத் தேர்ந்தெடுத்தே சேமிக்க வேண்டும். அதையும் சரியாகச் செய்த பிறகு சில பெயர்கள் மட்டும் அகப்படாமல் போனால், தட்டச்சு செய்தவரின் விரலைப் பாருங்கள். 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழைக் குறிக்கும் '௭' விழுந்திருந்தால் மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறு. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியும் யூனிகோடில் ஒரே குறியாகவோ இரண்டு குறிகளின் சேர்க்கையாகவோ சேமிக்கப்படக்கூடும். ஐயம் வந்தால் அட்டையில் அந்தப் பெயரை அழித்து, இப்போது நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகையாலேயே மீண்டும் தட்டிச் சேமித்துவிடுங்கள்.

முகவரிப் புத்தகத்தில் தேடினால் வரும் பெயர், கடிதம் எழுதும்போது 'பெறுநர்' கட்டத்தில் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கோளாறு. அமைப்புகளில் 'கம்போசிஷன்' பகுதியின் கீழ் முகவரி நிரப்புதல் பற்றிய இடத்தில், உள்ளூர் முகவரிப் புத்தகங்களைப் பயன்படுத்தும் பெட்டி குறியிடப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அருகிலுள்ள 'டைரக்டரி சர்வர்' பெட்டி, நிறுவனத்தின் எல்.டி.ஏ.பி. அடைவை, அதாவது வழங்கியில் (சர்வரில்) இருக்கும் மையப் பெயர்ப் பட்டியலை, வைத்திருப்பவர்களுக்கானது. அந்த வகை அடைவைத் திறந்தவுடன் பட்டியல் காலியாக இருப்பது பிழையன்று. தேடிய பிறகே பெயர்களைக் காட்டும் என்று திரையிலேயே எழுதியிருக்கும். தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால் வழங்கியின் பெயர், 'பேஸ் டி.என்.' என்ற தொடக்க இடம், 389 அல்லது பாதுகாப்பான இணைப்புக்கான 636 என்ற வாயில் (போர்ட்) எண் ஆகியவற்றை அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கூகள் கணக்கின் தொடர்புகளைக் கார்ட்டேவ் என்ற தொடர்பு ஒத்திசைவு முறை வழியாக இணைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிமெயிலில் பலமுறை எழுதியதால் 'அதர் காண்டாக்ட்ஸ்' என்ற பகுதியில் தானாகச் சேர்ந்தவர்கள் இந்த இணைப்பில் வருவதில்லை. கூகள் தளத்திலேயே அவர்களை முறையான தொடர்புகளாகச் சேர்த்தால், அடுத்த ஒத்திசைவில் தண்டர்பேர்டுக்கும் வந்துவிடுவார்கள்.

புதிய பதிப்பை நிறுவிய பிறகு ஒரு பெயர்கூட இல்லாமல் புத்தகமே காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் மென்பொருள் ஒரு புதிய சுயவிவரத்தோடு ('புரொஃபைல்', அதாவது உங்கள் கடிதங்களும் முகவரிகளும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறை) திறந்திருக்கும், பழையது கணினியில் அப்படியே கிடக்கும். உதவிப் பட்டியிலுள்ள பழுதுநீக்கத் தகவல் பக்கத்திலிருந்து சுயவிவரங்களின் பக்கத்துக்குச் சென்று பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். தனிப்பட்ட முகவரிகள் 'ஏபுக்' என்ற பெயருள்ள ஒரே எஸ்.கியூ.லைட் தரவுத்தளக் கோப்பில்தான் இருக்கின்றன. புதிய செயலாளரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, தண்டர்பேர்டை மூடிய நிலையில் சுயவிவரக் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்துவிடலாம். மாதக் கட்டணச் சேவைகளில் இவ்வளவு எளிதாக இது நடப்பதில்லை.

கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் பக்கத்துப் பெரிய அலுவலகங்களில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் வழங்கியோடு வேலை செய்பவர்களுக்கு இந்த மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 145ஆம் பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சலுக்கு நேரடி ஆதரவு வந்தபோது முகவரிப் புத்தகம் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே சக ஊழியரின் பெயரைத் தேடிக் கிடைக்காதவர் எல்.டி.ஏ.பி. அடைவு இல்லாத இடத்தில் மேலே சொன்ன மற்ற அமைப்புகளை மாற்றினாலும் பயனில்லை, அவர் அவுட்லுக்கிலேயே இருப்பது நல்லது.