ஸ்டெல்லாரிஸின் கப்பல் வடிவமைப்பு: கட்டுவது எளிது, மாற்றுவதற்குத்தான் விலை

விண்வெளி வியூக விளையாட்டுகளை ஆடுபவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. போர்க்கப்பலில் எந்தப் பீரங்கியை எங்கே பொருத்துவது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும் என்பார் ஒரு சாரார்; ஒரு பேரரசையே நிர்வகிப்பவருக்குத் திருகாணி முடுக்கும் வேலை எதற்கு என்பார் மறு சாரார். பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதத்தில் வெளியிட்ட ஸ்டெல்லாரிஸ் இந்த இரண்டு தரப்பினரையும் ஒரே திரையில் திருப்திப்படுத்த முயல்கிறது. ஒரு கட்டத்தில் டிக் வைத்தால் வடிவமைப்பு முழுவதையும் கணினியே பார்த்துக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஆயுதத்தையும், ஒவ்வொரு கவசத் தகட்டையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அடுத்தடுத்த பதிப்புகளில் பலமுறை திருத்தப்பட்டு இன்று இருக்கும் நிலையில், இந்த வகை விளையாட்டுகளின் நல்ல வடிவமைப்பு முறைகளுள் ஒன்றாக இதைச் சொல்லலாம். ஆனால் அதன் சுவை பீரங்கியைப் பொருத்தும் இடத்தில் இல்லை. பொருத்தியதைக் கழற்றி வேறொன்றை மாட்ட என்ன செலவாகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் திரையைப் பார்ப்போம். கார்வெட் என்னும் சிறு கப்பலுக்கு ஒரே ஒரு பகுதி; அதைவிடப் பெரிய டிஸ்ட்ராயருக்கு முன்பகுதி, பின்பகுதி என இரண்டு; இன்னும் பெரிய குரூசருக்கும் பேட்டில்ஷிப்புக்கும் மூன்று. ஒவ்வொரு பகுதிக்கும் சில மாற்று அமைப்புகள் தரப்படுகின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஆயுதம் பொருத்தும் குழிகளின் எண்ணிக்கையும் அளவும் மாறும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு டிஸ்ட்ராயரை வடிவமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதியில் ஒரே ஒரு பெரிய பீரங்கியை வைத்துத் தொலைவிலிருந்து சுடலாம். அல்லது அதை விட்டுவிட்டுச் சிறு ஆயுதங்களோடு ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் தற்காப்புத் துப்பாக்கியை வைக்கலாம். ஆசைப்பட்டு எல்லா இடங்களிலும் கேடயங்களை (கப்பலைச் சுற்றி மின்திறனால் எழும் காப்புத் திரைகளை) நிரப்பினால், கீழே இருக்கும் மின்திறன் எண் சிவப்பாகிவிடும். அந்த எண் சுழியத்துக்குக் கீழே இருக்கும் வரை வடிவமைப்பைச் சேமிக்க முடியாது. கேடயத்துக்கு மின்சாரம் வேண்டும், கவசத்துக்கு வேண்டாம். ஆகவே ஒரு கேடயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கவசத் தகட்டை மாட்டியதும் எண் மீண்டும் பச்சையாகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சிறு கணக்கு அலுப்பூட்டாத வகையில் அமைந்திருக்கிறது. கப்பலுக்கு மின்சாரம் தரும் ரியாக்டரில் புதிய தொழில்நுட்பம் கிடைத்ததும் அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கத் தோன்றுவதே அதன் வெற்றி.

அடுத்தது எதிரிக்கு ஏற்ற ஆயுதம். ஒவ்வொரு கப்பலுக்கும் கேடயம், கவசம், உடல் என மூன்று அடுக்குகள் உள்ளன. லேசர் கவசத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் உருக்கும், கேடயத்தின் முன் அதன் பலம் பாதியாகிவிடும். உலோகக் குண்டுகளை எறியும் மாஸ் டிரைவர் வகைப் பீரங்கிகளுக்கு இது அப்படியே தலைகீழ். ஏவுகணைகள் கேடயத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து செல்லும், ஆனால் வழியிலேயே சுட்டு வீழ்த்தப்படலாம். டிஸ்ரப்டர் வகை ஆயுதங்கள் கேடயம், கவசம் இரண்டையும் தாண்டி நேராக உடலைத் தாக்கும். அதற்கு ஈடாக அவற்றின் தாக்கும் வலு குறைவு. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று நினைப்பவர்களை ஆட்டத்தின் இறுதிக்கட்டப் பேராபத்துகள் திணறடிக்கும். பிரெத்தோரின் என்னும் பூச்சிக் கூட்டத்தின் கப்பல்களுக்குக் கேடயமே கிடையாது, கவசமும் உடலும் மட்டுமே. ஆகவே லேசர்கள் அங்கே வேட்டையாடும். அவை அனுப்பும் ஏவுகணைகளையும் சிறு தாக்குதல் கலங்களையும் சமாளிக்க, நம் கப்பல்களில் கேடயத்தைக் குறைத்துக் கவசத்தையும் தற்காப்புத் துப்பாக்கிகளையும் கூட்ட வேண்டும். வேறொரு பரிமாணத்திலிருந்து வரும் அன்பிடன் என்னும் பகைவர்களிடம் நிலைமை நேர்மாறு: அவர்களுக்குக் கேடயம் மிக வலிது, கவசம் இல்லை. பிரெத்தோரின்களை விரட்டிய அதே கப்பற்படையை அப்படியே அன்பிடனுக்கு எதிராக அனுப்புபவர், அதன் பாதி வலுவைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போவதாகத்தான் பொருள்.

ஆகவே “சிறந்த கப்பல் எது” என்ற கேள்விக்கு இந்த விளையாட்டில் விடை கிடையாது, யாருக்கு எதிராக என்று சொன்னால் மட்டுமே விடை உண்டு. எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொடக்க காலப் பதிப்புகளில் கார்வெட்டுகளை மட்டுமே கூட்டம் கூட்டமாகக் கட்டி அனுப்பினால் போதும் என்ற நிலை இருந்தது. அவற்றின் தப்பிக்கும் திறன் அவ்வளவு அதிகம், பெரிய கப்பல்களின் பீரங்கிகள் குறி தவறிக்கொண்டே இருக்கும். 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்புதான் கவசத்தைத் தனி அடுக்காக மாற்றியது. அதற்கு முன் கவசம் என்பது சேதத்தில் ஒரு விழுக்காட்டைக் கழிக்கும் எண்ணாக மட்டுமே இருந்தது. அதன் பிறகு ஊசல் மறுபக்கம் போய், ஒரே வகைப் பேட்டில்ஷிப்பைப் பிரதியெடுத்துக் குவிப்பதே போதுமானது என்ற பேச்சு பரவியது.

2022 நவம்பரில் வெளியான 3.6 பதிப்பு, என் பார்வையில், இந்த விளையாட்டின் கப்பல் வடிவமைப்புக்கு நடந்த மிக நல்ல காரியம். ஃபிரிகேட் என்னும் புதிய சிறு கப்பல் வகையைச் சேர்த்து, டார்பிடோக்களைச் சுமக்கும் பொறுப்பைக் கார்வெட்டிடமிருந்து அதற்கு மாற்றினார்கள். டார்பிடோவின் சேதம் இலக்கின் பருமனைப் பொறுத்துப் பெருகும்படி செய்ததால், ஒற்றை வகைப் பேட்டில்ஷிப் படைகளுக்கு முதல்முறையாக ஓர் உண்மையான அச்சம் பிறந்தது. பெரும் பீரங்கிகளுக்குக் குறைந்தபட்சத் தொலைவு ஒன்றை விதித்தார்கள். அந்தத் தொலைவுக்குள் புகுந்துவிட்ட ஃபிரிகேட்டை அவற்றால் சுட முடியாது. கேடயத்தையும் கவசத்தையும் ஊடுருவும் ஆயுதங்களைத் தடுக்கும் கடினமூட்டிக் கருவிகளும் அப்போதுதான் வந்தன. இந்த மாற்றங்களை வெறுத்தவர்களும் உண்டு. பல நாள் பழக்கத்தில் செம்மைப்படுத்தி வைத்திருந்த தங்கள் படைகள் ஒரே இரவில் காலாவதியாகிவிட்டன என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேட்டில்ஷிப்புகளுக்கு முன்னால் டிஸ்ட்ராயர்களைக் காவலுக்கு நிறுத்த வேண்டிய தேவை எழுந்தது அதன் பிறகுதான் என்பதையும் அவர்கள் மறுக்க முடியாது. வெவ்வேறு கப்பல்களை வடிவமைக்கக் காரணமே இல்லாத விளையாட்டில் வடிவமைப்புத் திரை இருந்து என்ன பயன்?

இவ்வளவு பாராட்டிய பிறகு பெரிய குறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படைக்கும் அருகில் அதன் வலுவைக் குறிக்கும் ஓர் எண் தெரிகிறது. புதிதாக ஆடுபவர் அந்த எண்ணைத்தான் நம்புவார், நம்பும்படிதான் அது காட்டப்படுகிறது. லேசர் நிறைந்த படையும் உலோகக் குண்டு நிறைந்த படையும் ஒரே எண்ணைக் காட்டலாம். எதிரியிடம் கேடயம் இருக்கிறதா, கவசம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒன்று வெல்லும், மற்றொன்று சிதறும், அதைப் பற்றி எண் வாய் திறக்காது. எண்ணில் மேலோங்கியிருந்தும் தோற்றுப்போனதாக ஆடுபவர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நுணுக்கமான ஒரு வடிவமைப்பு முறையைக் கட்டிவைத்துவிட்டு, அதன் விளைவை ஒற்றை எண்ணில் சுருக்கிக் காட்டுவது அந்த முறைக்கே செய்யும் அவமரியாதை.

இனி மேம்படுத்தலுக்கு வருவோம். சிம்டெக்ஸ் உருவாக்கி 1993இல் வெளியான மாஸ்டர் ஆஃப் ஓரியன் விளையாட்டில் ஒரே நேரத்தில் ஆறு கப்பல் வடிவங்களை மட்டுமே வைத்திருக்க முடியும். ஏழாவதாக ஒன்று வேண்டுமென்றால் பழைய வடிவம் ஒன்றை அழிக்க வேண்டும். அழித்தால், அந்த வடிவத்தில் கட்டி எங்கெங்கோ நிறுத்தியிருக்கும் கப்பல்கள் அத்தனையும் அந்தக் கணமே உடைக்கப்பட்டுவிடும். கட்டிய கப்பலில் புதிய ஆயுதத்தை மாற்றிப் பொருத்தவும் வழியில்லை. தொழில்நுட்பம் வளர வளரப் பழைய கருவிகள் அளவில் சுருங்கி விலையும் குறைந்துகொண்டே போகும் என்பதால், இப்போதே கட்டுவதா, சற்றுப் பொறுத்தால் அதே கூட்டுக்குள் இரண்டு மடங்கு ஆயுதம் அடங்குமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். இதைக் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. 1996இல் வந்த இரண்டாம் பாகத்தில் கட்டிய கப்பலைச் சீரமைக்க வழி செய்யப்பட்டபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். இருந்தாலும், அந்த ஆறு இடங்களில் ஒவ்வொன்றையும் நிரப்பும்போது ஏற்பட்ட தயக்கத்தைப் பிற்காலத்து விளையாட்டுகளில் நான் அரிதாகவே உணர்ந்திருக்கிறேன்.

ஸ்டெல்லாரிஸில் வடிவங்களுக்கு அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லை. வடிவத்தைத் திருத்திச் சேமித்துவிட்டுப் படையின் மேம்படுத்து பொத்தானை அழுத்தினால், அது கப்பல்தளம் உள்ள விண்நிலையத்துக்குத் திரும்பி, உலோகக்கலவையைச் செலவழித்து, ஒவ்வொரு கப்பலாக மாறிக்கொள்ளும். அமைதிக் காலத்தில் இந்த விலை ஒன்றுமே இல்லை. அதனால்தான் சிவப்பு லேசரிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து புற ஊதாவுக்கும் என ஒவ்வொரு படியிலும் மொத்தப் படையையும் தளத்துக்கு அழைக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. போர்க் காலத்தில்தான் கதை மாறுகிறது. பகைவர் நாட்டுக்குள் ஆழமாகப் போய்விட்ட படையைத் திருப்பி அழைத்தால், போகவரப் பல மாதங்கள். மாற்றிப் பொருத்தும் காலம் தனி. அதற்குள் எல்லையோர நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிடும். தவறான ஆயுதத்தோடு தொடர்ந்து போரிடுவதா, எல்லையை இழந்தாலும் திரும்பி வந்து மாற்றுவதா என்று யோசிக்கும் அந்த இடத்தில்தான் வடிவமைப்புத் திரையில் எடுத்த முடிவு கனக்கத் தொடங்குகிறது. 2020இல் வந்த ஃபெடரேஷன்ஸ் விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்ட ஜக்கர்நாட் என்னும் நகரும் கப்பல்தளம், இந்தக் கனத்தை ஆட்டத்தின் பிற்பகுதியில் பெருமளவு குறைத்துவிடுகிறது. அதைக் கட்டும் செலவு பெரியது என்பதால் மன்னித்துவிடலாம், ஆனால் நான் அதைக் கூடிய மட்டும் தள்ளிப்போடவே விரும்புகிறேன்.

தானியங்கி வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லா ஆயுதங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து, எந்த எதிரியிடமும் மோசமாகத் தோற்காத, எந்த எதிரியையும் சிறப்பாக வெல்லாத கப்பலைத் தருகிறது. சாதாரணக் கடினநிலையில் கணினி எதிரிகளுக்கு இதுவே போதும். பிறரோடு இணைந்து ஆடும்போது போதாது. இந்த விஷயத்தில் 2022இல் வந்த டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 ஒரு படி மேல்: நிர்வாகத்தின் ஒவ்வொரு துறையையும் முழுவதும் ஒப்படைக்கலாம், ஆலோசனை மட்டும் கேட்கலாம், அல்லது நாமே நடத்தலாம். ஸ்டெல்லாரிஸிலும் அத்தகைய நடுவழி ஒன்று வந்தால், இதோ இந்தப் பகைவருக்கு ஏற்ற கப்பலைக் காட்டு என்று கேட்க முடிந்தால், இரு தரப்பினரின் வழக்கும் பாதி தீர்ந்துவிடும்.

கப்பலின் தோற்றத்தைப் பற்றிய பேச்சும் ஆடுபவர்களிடம் உண்டு. 2006இல் ஸ்டார்டாக் வெளியிட்ட கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 விளையாட்டில் துண்டு துண்டாக ஒட்டிக் கப்பலை நம் விருப்பப்படி உருவாக்கலாம். அதே விளையாட்டில், தாக்கும் ஆயுதத்துக்குப் பொருந்தாத தற்காப்பின் மதிப்பு அதன் வர்க்கமூலத்துக்குச் சுருங்கிவிடும் என்ற கடுமையான விதியும் உண்டு: ஒன்பது அலகுக் கவசம், பொருந்தாத ஆயுதத்தின் முன் மூன்று அலகுதான். விதி கடுமையானாலும் ஆடுபவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளக்கூடியது. ஸ்டெல்லாரிஸில் தோற்றத்தை மாற்றும் உரிமை குறைவு. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

குறையாகப் படுவது வேறொன்று. போர் முடிந்ததும் ஸ்டெல்லாரிஸ் ஓர் அறிக்கையைத் தருகிறது. எந்த ஆயுதம் எவ்வளவு சேதம் விளைவித்தது, அதில் எவ்வளவு கேடயத்திலும் கவசத்திலும் உடலிலும் விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. வலு எண்ணைப் பார்த்துப் பழகிய பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு மோதலில் நம் லேசர்கள் விளைவித்த சேதத்தில் பெரும்பகுதி எதிரியின் கேடயத்திலேயே கரைந்திருப்பதை அந்த அறிக்கையில் கண்டால், அடுத்து வடிவமைப்புத் திரையில் என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அந்த அறிக்கையிலிருந்து வடிவமைப்புத் திரைக்குச் செல்ல நேர்வழி கிடையாது. மூடிவிட்டு, எண்களை நினைவில் வைத்துக்கொண்டு, வேறொரு பட்டியலைத் திறந்து, அந்தக் கப்பலைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு பொத்தான் வைப்பது பெரிய வேலையாக இருக்க முடியாது. அது வரும்வரை, புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் முதல் சில போர்களுக்குப் பின் ஆட்டத்தை நிறுத்திவைத்து அறிக்கையில் உள்ள எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது.