ரோஜாக் கவாத்துக்கு ஃபெல்கோ 2 கத்தரி: ஒரு மதிப்பீடு

ரோஜாவைக் கவாத்து செய்ய எந்த மாதம் ஏற்றது, எத்தனை கணு விட்டு வெட்டுவது என்றெல்லாம் விரிவாகப் பேசும் நாம், எதைக் கொண்டு வெட்டுவது என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. மழுங்கிய கத்தரியால் நசுங்கிய தண்டு எளிதில் ஆறாது; அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை புகுந்தால் தண்டு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகத் தொடங்கும். ஃபெல்கோ 2 கத்தரியின் தகுதியை, அது விட்டுச்செல்லும் வெட்டுவாயை வைத்தே அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1945இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஃபெல்கோ நிறுவனத்தின் தயாரிப்பு இது. சிவப்பு உறையிட்ட அலுமினியக் கைப்பிடிகள், ஏறத்தாழ 240 கிராம் எடை, சுமார் 2.5 சென்டிமீட்டர் தடிமன் வரையுள்ள கிளையை வெட்டும் திறன் ஆகியவை இதன் அடிப்படை விவரங்கள். கூரிய அலகு, வளைந்த தாங்கு அலகை ஒட்டி உரசிக் கடந்து செல்வதால் பச்சைத் தண்டு நசுங்காமல் அறுபடுகிறது. தட்டையான பட்டையின் மேல் அலகு வந்து அழுந்தும் மற்றொரு வகைக் கத்தரி காய்ந்த குச்சிகளுக்கு உதவுமே தவிர, ரோஜாவின் பசுந்தண்டுக்கு உதவாது.

ஆனால் நல்ல கத்தரியையும் தலைகீழாகப் பிடித்தால் பயன் பாதியாகிவிடும். தாங்கு அலகு அழுந்தும் பக்கத்தில் பட்டை சற்றுக் கன்றிப்போவது இயல்பு. ஆகவே கூரிய அலகு செடியில் நிற்கப்போகும் பகுதியை ஒட்டியும், தாங்கு அலகு கழித்துப் போடப்போகும் பகுதியின் பக்கமும் இருக்குமாறு மணிக்கட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெளிநோக்கிய மொட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறமாக நீர் வழியும்படி சாய்த்து வெட்டுவதே முறை. இந்த நுணுக்கத்துக்கு ஃபெல்கோவின் குறுகிய அலகு மிகவும் ஒத்துழைக்கிறது. முள் நெருங்கிய கவைகளுக்குள்ளும் முனை தடையின்றிப் போகிறது.

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம். சென்ற பருவத்துக் கிளைகளைப் பாதி நீளத்துக்குக் குறைத்து, காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை அடியோடு நீக்கி, வெட்டுவாய்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுவது வழக்கம். கட்டைவிரலைவிடத் தடித்த முதிர்ந்த தண்டுகளை இந்தக் கத்தரியால் முறுக்கி உடைக்க முயலாதீர்கள். அவற்றுக்குக் கவாத்து ரம்பம் இருக்கிறது. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் காட்டுத் தளிருக்கோ கத்தரியே வேண்டாம். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் அது இன்னும் அடர்ந்து எழும்.

பராமரிப்பு எளிது. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் அலகைத் துடைத்துவிட்டால் நோய் பரவுவது குறையும். சாணை பிடிக்கும்போது அலகின் சரிந்த பக்கத்தை மட்டுமே தீட்ட வேண்டும்; மறுபக்கத்தின் தட்டைத்தன்மை கெட்டால் இரு அலகுகளுக்கும் இடையே இடைவெளி விழுந்து, தண்டு அறுபடாமல் மடங்கத் தொடங்கும். அலகு, சுருள்வில், திருகு என எல்லாப் பாகங்களும் தனித்தனியே மாற்றக்கூடியவை என்பதுதான் இதன் பெரிய பலம்.

விலைதான் யோசிக்க வைக்கிறது. உள்ளூர்க் கத்தரி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இதற்குச் சில ஆயிரம் தர வேண்டும். மாடியில் நாலைந்து தொட்டிகள் மட்டும் வைத்திருப்பவருக்கு, அதே உரசிக் கடக்கும் அமைப்புள்ள உள்ளூர்க் கத்தரியைக் கூர்மையாக வைத்துக்கொண்டாலே போதும். வரிசையாகச் செடிகள் வைத்துப் பல ஆண்டுகள் பேண எண்ணுபவர் தயங்காமல் வாங்கலாம். ஆயினும் இந்த மாதிரி வலக்கைக்காரர்களுக்கானது. இடக்கைக்காரர்கள் ஃபெல்கோ 9ஐயும், சிறிய கை உடையவர்கள் ஃபெல்கோ 6ஐயும் கேட்டு வாங்குவது நல்லது.